சின்னக் குழந்தையின் பிறந்தநாளை வார இறுதியில் குடும்பத்தோடு கொண்டாட ஒரு முழுமையான வழிகாட்டி

பிறந்தநாள் செவ்வாயிலோ வியாழனிலோ வந்தால் கொண்டாட்டத்தைச் சனி, ஞாயிறுக்குத் தள்ளிவைப்பது இப்போது எல்லா வீட்டிலும் சகஜம். வேலைக்கு விடுமுறை, மூத்த பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது, வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியும் வந்து இரண்டு நாள் தங்கலாம். எல்லாம் வசதிதான். ஆனால் அந்த இரண்டு நாளையும் பெரியவர்களின் வசதிக்கே நிரப்பிவிட்டால், கேக் வெட்டும் நேரத்தில் யாருக்காகக் கூடினோமோ அந்தக் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும்.

ஒன்று முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தையின் பிறந்தநாளுக்குத் திட்டம் போடும்போது ஒரு தாளை எடுத்து, குழந்தை எப்போது தூங்கும், எப்போது சாப்பிடும் என்பதை முதலில் எழுதுங்கள். மண்டபம், கேக், அலங்காரம், அழைப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு தாளைச் சுற்றியே போகும்.

முதல் படி: வயதைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்

முதல் பிறந்தநாள் குழந்தைக்கு எதுவும் புரியாத நாள். ஒரு வருடம் தூக்கம் கெட்டு வளர்த்த அம்மா அப்பாவுக்கும், தோள் கொடுத்த குடும்பத்துக்கும் உரிய விழா அது. அப்படிக் கொண்டாடுவதில் தவறே இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கும் வேற்று முகம் பார்த்துப் பயப்படும் பழக்கம் இந்த வயதில் பல குழந்தைகளுக்கு இன்னும் இருக்கும். நூறு பேர் ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிக் கொஞ்சினால் குழந்தை மிரண்டுபோகும். அடிக்கடி பார்த்த முகங்கள் பத்துப் பதினைந்து போதும்.

இரண்டு வயதில் பலூனும் பாட்டும் கேக்கும் பிடிக்கும். மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுவது மட்டும் இன்னும் சரியாக வராது. ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒருவர் பக்கத்தில் ஒருவர், தனித்தனியாக விளையாடுவார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இலேயே குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது இதைத் தனி நிலையாகக் குறித்தார். அதனால் விதிமுறை உள்ள போட்டிகள் இந்த வயதுக்கு வேண்டாம். ஆளுக்கு ஒரு குவியல் கட்டைகளோ களிமண்ணோ கொடுத்தால் பொழுது நன்றாகப் போகும்.

மூன்று வயதில் 'இது என் பிறந்தநாள்' என்பது புரிந்துவிடும். நான்கு, ஐந்தில் சொந்த விருப்பங்கள் வந்துவிடும். கேக்கின் நிறத்தையும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் குழந்தையே சொல்லும். அப்போது எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கேட்காமல், இரண்டு மூன்றைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 'உனக்கு என்ன வேணும்?' என்று பொதுவாகக் கேட்டால் வரும் பதிலை நிறைவேற்ற யாராலும் முடியாது.

பெரும்பாலான பெரியவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்வுகள் நினைவில் இருப்பதில்லை. முதல் இரண்டு மூன்று பிறந்தநாள்களைக் குழந்தை பின்னாளில் அறிவது படங்கள் வழியாகவும், மற்றவர்கள் சொல்லும் கதைகள் வழியாகவும்தான். தோரண வளைவுக்குச் செலவழிப்பதை விட, தாத்தா பாட்டி வந்து தங்கிப்போகும் பயணச் செலவுக்குக் கொடுக்கலாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

உண்மையான தேதியை மறந்துவிடாதீர்கள்

நான்கு வயதுக் குழந்தை நாட்காட்டியைப் பார்த்து 'இன்னைக்குத்தானே என் பிறந்தநாள், அப்புறம் ஏன் சனிக்கிழமை?' என்று கேட்கும். 'இன்னைக்கு உனக்கு வயசு கூடுது. சனிக்கிழமை எல்லாரும் வந்து அதைக் கொண்டாடப் போறோம்' என்று சொன்னால் புரிந்துகொள்ளும். அன்று காலை எழுப்பும்போது வீட்டில் இருப்பவர்கள் மட்டும் பாடுங்கள். இரவுச் சாப்பாட்டில் அதற்குப் பிடித்த ஒன்றைச் செய்யுங்கள். அது போதும். பரிசையும் கேக்கையும் அன்றே கொடுத்துவிட்டால் சனிக்கிழமைக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாம் படி: நேரத்தைப் பிடியுங்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. விருந்தினர் வீடு நிறைய இருக்கும் வார இறுதியில் முதலில் அடிபடுவது இந்தத் தூக்கம்தான்.

குழந்தை மதியம் ஒரு மணிக்குத் தூங்கி மூன்று மணிக்கு எழுவதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. ஒன்று, காலை பத்திலிருந்து பதினொன்றரை. இன்னொன்று, மாலை நான்கிலிருந்து ஐந்தரை. காலை நேரமே நல்லது. குழந்தை புதிதாக இருக்கும், விழா முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிவிடும், பெரியவர்களும் நிம்மதியாக உட்கார்ந்து பேசலாம். பலரும் தேர்ந்தெடுக்கும் இரவு ஏழு மணிதான் இருப்பதிலேயே மோசமான நேரம். வருபவர்கள் எட்டு மணிக்கு வருவார்கள், கேக் வெட்ட ஒன்பது ஆகும், அதற்குள் குழந்தை களைத்துப்போயிருக்கும்.

ஒரு வயதுக்கு ஒரு மணி நேரம், மூன்று வயதுக்கு ஒன்றரை மணி நேரம், ஐந்து வயதுக்கு இரண்டு மணி நேரம். இதற்கு மேல் இழுக்காதீர்கள். அழைக்கும்போதே முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். 'பத்து மணிக்கு வந்துடுங்க, பத்தரைக்குக் கேக் வெட்டிடுவோம், பன்னிரண்டுக்குள்ள குழந்தையைத் தூங்க வைக்கணும்' என்று சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான் பதினொன்றரைக்கு வந்து 'கேக் வெட்டியாச்சா?' என்று கேட்பார்கள்.

கேக்கில் இருக்கும் சர்க்கரைதான் பிள்ளைகளை இப்படி ஆட்டுவிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதைச் சோதித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான கட்டுரை, சர்க்கரையால் குழந்தைகளின் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. கூட்டம், சத்தம், தவறிய தூக்கம் மூன்றும் சேர்ந்தால் எந்தக் குழந்தையும் நிலைகொள்ளாது. சர்க்கரையைக் குறைக்கப் பல்லும் பசியும் காரணமாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: யார் யாரைக் கூப்பிடுவது, யாருக்கு என்ன வேலை

குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் கூப்பிட வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை என்று ஒரு வழக்கமான கணக்கு உண்டு. குடும்ப விழாவில் அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகளையும் அதற்குள்ளேயே எண்ணுங்கள். ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மூன்று வயதுக் குழந்தையின் வகுப்புத் தோழர்களையும் கூப்பிட வேண்டியதில்லை.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். வீடு நிறைய ஆள் இருக்கும்போது 'யாராவது பார்த்துக்குவாங்க' என்று எல்லோரும் நினைப்பார்கள், கடைசியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சின்னக் குழந்தைகள் வாசலுக்கோ மாடிப்படிக்கோ குளியலறைக்கோ போவது அப்படித்தான். ஒருவர் இருபது நிமிடம் பிள்ளைகளை மட்டும் பார்க்கட்டும். கையில் ஃபோன் வேண்டாம், சமையலறைப் பக்கம் போக வேண்டாம். நேரம் முடிந்ததும் 'சித்தி, இப்ப நீங்க பாருங்க' என்று பெயர் சொல்லி ஒப்படைக்கட்டும். வாளியில் தண்ணீர் இருந்தால் கவிழ்த்துவிடுங்கள். மிகக் குறைந்த நீரிலும் சின்னக் குழந்தைக்கு ஆபத்து உண்டு.

படம் எடுக்க ஒருவர், பரிமாற ஒருவர் போதும். அம்மா அப்பாவுக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். அவர்கள் குழந்தையோடு இருக்க வேண்டும்.

மூத்த பிள்ளை இருந்தால் அதற்கும் உண்மையான பொறுப்பு ஒன்று வேண்டும். மெழுகுவத்தியை எண்ணி எடுத்து வைப்பது, வருபவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, விடைபெறும்போது ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பது என்று ஏதாவது ஒன்று. பொறாமை வரக் கூடாதென்று அதற்கும் ஒரு பரிசு வாங்கித்தரும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அடுத்தவர் மகிழும் நாளில் பங்கெடுக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

நான்காம் படி: அலங்காரமும் ஆபத்தும்

பலூன் இல்லாத பிறந்தநாள் கிடையாது, சரி. ஆனால் ஊதாத ரப்பர் பலூனும், வெடித்த பலூனின் துண்டும் குழந்தையின் தொண்டைக்குள் போனால் மூச்சுக்குழாயில் ஒட்டிப் படிந்து அடைத்துவிடும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு என்று அமெரிக்காவில் பலூன் பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. பெரியவர்கள் மட்டும் ஊதுங்கள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், ஒன்று வெடித்தால் அந்த நொடியே துண்டுகளைப் பொறுக்குங்கள்.

பறக்கும் பலூன் வாங்கினால் உள்ளே ஹீலியமா ஹைட்ரஜனா என்று கேட்டுவிடுங்கள். ஹீலியம் தீப்பிடிக்காது. ஹைட்ரஜன் மெழுகுவத்திச் சுடரில் பட்டாலே தீப்பந்தாகிவிடும். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் வாங்கவே வேண்டாம். சாதாரண அளவு ரப்பர் பலூனில் ஹீலியம் அரை நாள், ஒரு நாள்தான் நிற்கும் என்பதால் அன்று காலையிலேயே நிரப்பி வாங்குங்கள்.

கேக் வெட்டும்போது பீய்ச்சும் நுரை ஸ்ப்ரேயை நான் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன். பலவற்றில் எளிதில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. மெழுகுவத்தி எரியும்போது பீய்ச்சினால் தலைமுடியிலும் துணியிலும் தீ பிடிக்கும். பொறி பறக்கும் மத்தாப்பு வகை மெழுகுவத்தியும் வேண்டாம். அந்தப் பொறியின் வெப்பம் சாதாரணச் சுடர் அளவுக்குச் சின்ன விஷயம் இல்லை. சாதாரண மெழுகுவத்தி ஒன்று, அதை ஏற்றும்போது குழந்தையின் தலைமுடியைப் பின்னால் கட்டி, தொங்கும் துணியை ஒதுக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: கேக்கும் சாப்பாடும்

மேசையில் பொதுவாக வைக்கும் தட்டுகள்தான் சிக்கல். முழுத் திராட்சை, கொட்டைகள், பாப்கார்ன், கடினமான மிட்டாய் ஆகியவை நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடியவை. திராட்சையை விட முடியாது என்றால் வெட்டும் விதம் முக்கியம். குறுக்கே வெட்டினால் இரண்டு உருண்டை வட்டங்கள் கிடைக்கும், அவையும் அடைக்கும். நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி நீளவாக்கில் வெட்டுங்கள். மெல்லிய நான்கு கீற்றுகளாக வரும். கொட்டைகளைப் பெரியவர்களுக்கும் தனி அறையில் வையுங்கள். தாழ்வான மேசை எல்லாமே குழந்தையின் மேசைதான்.

ஒரு வயது நிரம்பாத குழந்தை யாராவது வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். ஒவ்வாமை பற்றியும் அழைக்கும்போதே கேளுங்கள். முட்டை, பால், நிலக்கடலை மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும். 'ஏதாவது ஒத்துக்காதா?' என்றால் 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல' என்றுதான் சொல்வார்கள்.

ஊதி அணைக்கும் கேக்கும், எல்லோரும் சாப்பிடும் கேக்கும் வேறுவேறாக இருக்கட்டும். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மெழுகுவத்தியை ஊதும்போது கேக்கின் மேல்பூச்சில் பாக்டீரியாக்கள் பல மடங்கு கூடின. பெரும்பாலும் அது தீங்கில்லாதது. ஆனால் சளி பிடித்த குழந்தை மூன்று முறை ஊதியும் அணையாமல் நான்காவது முறை ஊதும்போது நீங்களே பக்கத்தில் இருந்து பார்த்தால் தனிக் கேக் வாங்கிவிடுவீர்கள். சின்னக் கப் கேக்கில் ஒரு மெழுகுவத்தி குழந்தைக்கு. பெரிய கேக் உள்ளே துண்டு போட்டுத் தயாராக இருக்கட்டும்.

வெட்டிய பழம், கிரீம், பால் சேர்ந்தவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பிறந்தநாள் குழந்தைக்கு விழாவுக்கு அரை மணி முன்பே வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் அது உட்கார்ந்து சாப்பிடாது.

ஆறாம் படி: வெள்ளி மாலை

வெளியூர்க்காரர்கள் முடிந்தவரை வெள்ளிக்கிழமையே வந்துவிடுவது நல்லது. ஒரு இரவு பழகிவிட்டால் சனிக்கிழமை காலை தாத்தாவின் மடியில் குழந்தை தானாகவே ஏறும். வர முடியாதவர்களோடு வீடியோ அழைப்பை விழா நடுவில் வைக்காதீர்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்காது, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஓரத்தில் விடப்பட்டதாகவே உணர்வார். வெள்ளி மாலை பத்து நிமிடம் அவரோடு மட்டும் பேச வையுங்கள்.

புதுத் துணியையும் அன்று மாலையே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜரிகையோ வலையோ கழுத்தில் உறுத்தினால் குழந்தை மறுநாள் முழுவதும் அதையே இழுத்துக்கொண்டிருக்கும். அலங்காரத்தைக் குழந்தை தூங்கிய பிறகு செய்யுங்கள்.

ஏழாம் படி: கேக் வெட்டும் ஐந்து நிமிடம்

வழக்கமாக என்ன நடக்கும் என்று பாருங்கள். விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி வந்து நாற்காலியில் நிறுத்துவார்கள். விளக்கை அணைப்பார்கள். பத்து ஃபோன்கள் முகத்துக்கு நேரே வரும். திடீரென்று இருபது பேர் கைதட்டி உரக்கப் பாடுவார்கள். 'இங்க பாரு, இங்க பாரு' என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல். குழந்தையின் கீழுதடு மெல்ல வெளியே வரும், கை காதைப் பொத்தும், பாட்டின் இரண்டாம் வரியில் அழுகை வெடிக்கும்.

இதைத் தவிர்ப்பது எளிது. முந்தைய வாரம் முழுவதும் வீட்டில் அந்தப் பாட்டைப் பாடி, பொம்மைக்கு முன் ஊதிப் பழக்குங்கள். அன்றைக்கு ஐந்து நிமிடம் முன்பே 'இப்ப கேக் வெட்டப் போறோம், எல்லாரும் பாடுவாங்க' என்று சொல்லிக் கூட்டி வாருங்கள். அம்மாவோ அப்பாவோ மடியில் வைத்துக்கொள்ளட்டும். பகலென்றால் விளக்கை அணைக்க வேண்டாம். மெல்லிய குரலில் பாடத் தொடங்குங்கள். ஒருவர் மட்டும் படம் எடுக்கட்டும், மற்றவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்க்கட்டும். முகத்தில் கேக் பூசுவதைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பயந்துபோகும் குழந்தைக்கு அது விளையாட்டே இல்லை.

அப்படியும் அழுதால், தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள். பத்து நிமிடம், வெளிச்சம் குறைவாக, பேச்சில்லாமல். அந்த அறையை முன்பே காலியாக வைத்திருக்க வேண்டும், கைப்பைகளும் பரிசுகளும் அங்கே குவிந்திருக்கக் கூடாது. 'எல்லாரும் காத்திருக்காங்க' என்பது குழந்தையிடம் எடுபடாது. காத்திருப்பவர்கள் சாப்பிடத் தொடங்கலாம்.

எட்டாம் படி: பரிசுகள்

எல்லாப் பரிசையும் ஒரே மூச்சில் பிரித்தால் குழந்தை எதையும் பார்க்காது, காகிதத்தைக் கிழிப்பதே விளையாட்டாகிவிடும். தாத்தா பாட்டி கொண்டுவந்ததை அவர்கள் முன்னாலேயே பிரியுங்கள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். மற்றவற்றில் இரண்டு மூன்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்து, மீதியை வாரம் ஒன்றாக எடுங்கள். யார் கொடுத்தது என்று பொட்டலத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

பிரித்ததும் பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டியவை இரண்டு. மூன்று வயதுக்குக் கீழ் என்றால், கழிவறைக் காகிதச் சுருளின் நடுக் குழாய் வழியே நுழையும் எந்தப் பாகமும் அதன் கைக்குப் போகக் கூடாது. அடுத்தது, பாடும் வாழ்த்து அட்டையிலும் மின்னும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் வடிவ பேட்டரி. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மையை எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒன்பதாம் படி: படங்களும் குரல்களும்

குழந்தையின் முழுப் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி பொதுவெளியில் போடாதீர்கள். மற்றவர் பிள்ளைகள் இருக்கும் படங்களைப் பெற்றோரைக் கேட்டுவிட்டுப் பகிருங்கள்.

படத்தைவிடக் குரலைப் பதிவு செய்யச் சொல்வேன். குழந்தை பிறந்த நாளன்று என்ன நடந்தது என்று பாட்டியைச் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிந்து வையுங்கள். மழையா வெயிலா, யார் முதலில் தூக்கியது, பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். மூன்று வயதிலிருந்து குழந்தையிடமும் ஆண்டுதோறும் அதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: உனக்கு யாரைப் பிடிக்கும், எதற்குப் பயம், பெரியவனானால் அல்லது பெரியவளானால் என்ன செய்வாய், அம்மா அப்பா நாளெல்லாம் என்ன வேலை செய்கிறார்கள்? பதில்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைக் கேட்பது பெரிய சந்தோஷம்.

பத்தாம் படி: ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போடாதீர்கள். வெளியே போக வேண்டுமென்றால் பக்கத்துப் பூங்கா போதும், ஒரு மணி நேரம். மீதிக் கேக், புதுப் பொம்மை, தரையில் படுத்துக்கொண்டு அதோடு விளையாடும் மாமா. இரண்டு நாளில் குழந்தைக்கு மிகவும் பிடித்த பகுதி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஊருக்குக் கிளம்புபவர்கள் குழந்தை தூங்கும்போது சொல்லாமல் போக வேண்டாம். எழுந்து தேடும். விழித்திருக்கும்போதே கையசைத்து விடைபெறட்டும், கொஞ்சம் அழுதாலும் பரவாயில்லை.

மாலையில் சோஃபாவின் அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் பலூன் துண்டு கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ரிப்பன்களை அவிழ்த்துவிடுங்கள், சுருங்கிய பலூன்களைக் குத்திக் குப்பையில் போட்டு மூடுங்கள். இரவு வழக்கமான நேரத்துக்கு விளக்கை அணையுங்கள். நன்றி சொல்வது திங்கள், செவ்வாயில் நடக்கட்டும். ஒரு தாளில் குழந்தையைக் கிறுக்கச் சொல்லி, அதைப் படமெடுத்து, 'நீங்க கொடுத்த கட்டைகளை வச்சு நேத்து பாலம் கட்டினான்' என்பது போல ஒரு வரி சேர்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.